மூச்சு விடாமல்

ஒத்தாவியோ மூச்சு விடாமல் பேசுகிறார் என்பார்கள்
திரியெஸ்தே நகரத்தில்,
பேருந்தில், மீன்கடை வரிசையில்,
பல் மருத்துவரின் வாசலில், காதில் செருகிக் கேட்டபடி.
அவருடைய மூச்சுகள் என்னிடம் இருக்கின்றன.

வாரம் இருமுறை
அவர் பேசிய மூன்று மணி நேரத்தை
ஐம்பது நிமிடமாக்குவது என் பிழைப்பு.
திரையில் குரல் மலைத்தொடராக ஓடும்.
நடுவே தட்டையாக ஓர் இடம் வந்தால்
வெட்டு.
'அதாவது', வெட்டு. 'ஒருவகையில்', வெட்டு.
'ஆனால்' மட்டும் யோசித்து வெட்ட வேண்டும்.
சில ஆனால்களில் ஒரு வாக்கியமே தொங்கிக்கொண்டிருக்கும்.

இருபத்தாறு வருடம் பள்ளியில் தத்துவம் நடத்தியவர்.
நாற்காலியின் கையைத் தட்டித் தட்டித்தான்
அடுத்த சொல்லை வரவழைப்பார்.
அந்தத் தட்டலையும் எடுத்துவிடுவேன்.
தேர்தல், துறைமுகக் குத்தகை, ஓய்வூதியம், போர்,
எதற்கும் அவரிடம் ஒரு கருத்து
கேட்பதற்கு முன்பே இருந்ததுபோல் ஒலிக்கும்,
நான் முடித்த பிறகு.

"நான்கு நொடி மௌனம் போதும், நிவெஸ்,
கட்டைவிரல் அடுத்த ஆளிடம் தாவிவிடும்"
என்பார் தயாரிப்பாளர் லோரிஸ்.
சொல்லிவிட்டுத் தன் கட்டைவிரலையே
கொஞ்ச நேரம் பார்ப்பார்.

பிப்ரவரியில்,
போரா என்று இங்கே பேர் சொல்லி அழைக்கிற காற்று
குப்பைத்தொட்டிகளைத் தெருவில் உருட்டிய இரவு.
ரயில் நிலையத்துக்குப் பின்னால் கிடங்கில் படுத்திருக்கும்
அயல்நாட்டுப் பையன்களைப் பற்றிய விவாதம்.
தொலைபேசியில் ஸ்தேலியோ என்றொருவர்.
துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவராம்.
கத்தவில்லை.
"பேராசிரியரே, நீங்கள் அதற்குள் போயிருக்கிறீர்களா?
நான் போனேன். திட்டத்தான் போனேன்.
ஒருவன் என் ஷூவைக் காட்டி
கயிறு அவிழ்ந்திருக்கிறது என்றான்.
அவன் காலில் ஷூ இல்லை.
இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?"

பதினோரு நொடி.
ஜன்னல் அதிர்ந்தது. நாற்காலியின் கை தட்டப்படவில்லை.
பிறகு யாரோ ஒருவரின் குரலில் ஒத்தாவியோ:
"தெரியவில்லை. நான் போனதில்லை."

வெட்டினேன்.
மாதக் கடைசி. வாடகை பாக்கி. லோரிஸ் என் பின்னால் நின்றார்.
கேள்வியின் வாலை நறுக்கிவிட்டு
முன்பே பேசியிருந்த ஒரு பத்தியை இழுத்து ஒட்டினேன்.
தையல் தெரியவில்லை. அதில் நான் கெட்டிக்காரி.

விடிவதற்குள் அந்தத் துண்டு ஊர் சுற்றி வந்துவிட்டது,
'வாயை அடைத்த பேராசிரியர்' என்ற தலைப்போடு.
அவரைப் பிடிக்காதவர்கள்
அதே துண்டைப் போட்டுப் போட்டுத் திட்டினார்கள்,
மூச்சு விடாமல்.

அவரும் கேட்டாராம்.
காப்பிக்கடையில் என்னைப் பார்த்ததும்
"அன்றைக்கு நன்றாகத்தான் பேசியிருக்கிறேன், இல்லையா?"
முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன்.
சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் எனக்கு வேலை குறைவு.
அவர் பேச்சில் வெட்ட இடமே வருவதில்லை.
நாற்காலியின் கையில் தூசி.

வெட்டியதை நான் எறிவதில்லை.
தனிக் கோப்பில் நான்கு வருட மௌனம், ஒன்பது மணி நேரம்.
இரவில் படகுத்துறையின் நுனிவரை நடந்துகொண்டு கேட்பேன்.
ஒரு மனிதர் எச்சில் விழுங்குகிறார்.
மேல்மாடியில் ஏதோ குழாய் ஒழுகுகிறது.
சொல்ல வந்ததைச் சொல்லாமல் மென்று நிறுத்துகிறார்.
அந்த ஒத்தாவியோவிடம்
என்னால் வாக்குவாதம் செய்ய முடியும் என்று தோன்றும்.

நேற்று ஸ்தேலியோவின் கடிதம்:
"சின்யோரா, ஒரு சந்தேகம்.
அன்று அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்ததாக என் ஞாபகம்.
மருமகன் போட்டுக் காட்டினான், அதில் அப்படி இல்லை.
எனக்கு எழுபத்து நான்கு வயது.
மறதிதானா என்று மட்டும் சொல்லுங்கள்."

பதில் எழுத உட்கார்ந்தேன்.
அன்புள்ள ஸ்தேலியோ,
அதற்குப் பிறகு
எத்தனை நொடி ஆயிற்று என்று
எண்ணவில்லை.